தண்ணியக்கா வீட்டுச் சம்ப்

வீட்டுக்குள்ளேயே ஒரு சம்ப் கட்டப்போகிறேன் என்று கணவர் சொன்னதும் தண்ணியக்காவுக்குப் பகீரென்றது. சம்ப் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தரையைத் தோண்டி, சிமெண்ட் பூசி, இரும்பு மூடி போட்டு, தெருக்குழாய்த் தண்ணீரைத் தேக்கி வைக்கிற தொட்டி. அதில் விரிசல் விட்டது, எலி விழுந்தது, சாக்கடை கலந்தது என்று வருஷக்கணக்காகக் காது புளிக்கக் கேட்டவள் அவள்.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. கட்டடத்தில் இடம் போதவில்லை என்று பாதிப்பேரை வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, தலையில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்செட். அவ்வளவுதான் அவளுடைய ஆபீஸ். தெருவில் யார் வீட்டுக் குழாயில் காற்று வந்தாலும் முதலில் அவள் ஜன்னலைத்தான் தட்டுவார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் தண்ணியக்கா. தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் அந்தப் பெயரை வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு அவளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதும் உண்டு. அவள் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

“கூடத்தத் தோண்டப் போறீங்களா?” என்று கேட்டாள்.

“நிலத்தடித் தொட்டி இல்லம்மா. இது தொட்டியடித் தொட்டி” என்றார் கணவர்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஃபிரேமைக் காதுக்கு வளைப்பதிலும் கண்ணுக்கு நடுவே அளவு எடுப்பதிலும் நூல் பிசகாத மனிதர். வீட்டுக்கு வந்தால் அந்த நிதானம் முழுக்கக் கூடத்தில் இருந்த கடல்நீர் மீன்தொட்டிக்குப் போய்விடும். உப்பைக் கரைப்பார், அளவு பார்ப்பார், பாறையை நகர்த்துவார், நகர்த்தியதைத் திரும்ப நகர்த்துவார். தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் ஒரு ஜோடி, சில நத்தைகள், பூவா விலங்கா என்று பிடிபடாத பவளங்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நுரை எடுக்கிற கருவி ஒரு பக்கம், வடிகட்டி ஒரு பக்கம், சூடேற்றும் கம்பி ஒரு பக்கம், குழாயும் வயருமாகத் தொங்கி, மீனைப் பார்க்க வந்தவர்கள் கருவிகளைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குத்தான் சம்ப். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலே வழிகிற நீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். அங்கே கண்ணாடித் தடுப்புகள் போட்டு மூன்று அறைகள். முதல் அறையில் அழுக்கு நிற்கும், இரண்டாவதில் பாசி வளர்ந்து மிச்சக் கசடைத் தின்னும், மூன்றாவதில் இருக்கும் பம்ப் சுத்தமான நீரைத் திரும்ப மேலே தள்ளும். அசிங்கமான கருவிகளெல்லாம் கீழே ஒளிந்துகொள்ளும். கணவர் இதைத் துணி உலர்த்துகிற நேரம் முழுக்க விளக்கியும் தண்ணியக்காவுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை நாத்தனார் ஒரே வரியில் புரியவைத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்கு வந்து அண்ணனைக் கிண்டல் பண்ணுவது அவளுக்கு ஓய்வு.

“ரத்தத்த வெளிய எடுத்து, சுத்தம் பண்ணி, திரும்ப உள்ள அனுப்பறோம்ல அண்ணி, அதேதான். அண்ணன் மீனுக்குக் கிட்னி கட்டறாரு.”

கிட்னி சாப்பாட்டு மேசையில் உருவானது. கணவர் முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி செய்தார். தடுப்புகளை உயர்த்தினார், தாழ்த்தினார், நீர் எப்படி ஏறி எப்படி இறங்கும் என்று விரலால் காற்றில் ஓட்டிக் காட்டினார். பிறகு கண்ணாடி வெட்டுகிற கடையிலிருந்து பலகைகள் வந்தன. முனைகளைத் தேய்த்து, சிலிக்கான் பசையைப் பிதுக்கி, ஒவ்வொரு மூலையையும் விரலால் வழித்து ஒட்டினார். பசை காயும்வரை வீடு முழுக்கப் புளித்த வாடை. மேசையைத் தொடக்கூடாது என்று கட்டளை. புருஷனும் பெண்டாட்டியும் சோபாவில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். தொட்டியைக் குளியலறையில் வைத்து நீர் நிரப்பிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசியவில்லை. அவர் முகத்தில் தலைப்பிள்ளை பெற்ற பெருமை.

அதை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு அலமாரிக்கு வந்தபோதுதான் வினை வந்தது. அலமாரிக்கு உள்ளே நீளம், அகலம், உயரம் மூன்றையும் கணவர் நூல் பிசகாமல் அளந்திருந்தார். அலமாரியின் வாசலை அளக்கவில்லை. நேராக நுழைத்தார்கள், போகவில்லை. சாய்த்தார்கள், மூலை முட்டியது. கதவைக் கழற்றிப் பார்த்தார்கள். நட்டநடுவில் நின்ற மரத்தூண்தான் தடை. அதை அறுத்தால் மேலே நிற்கிற தொட்டி மொத்தமும் தரைக்கு வந்துவிடும். உள்ளே இருக்க இடமிருந்தது, உள்ளே போக வழியில்லை.

கணவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் வாயைத் திறக்கப்போனவள், அண்ணன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினாள் என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

தண்ணியக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இத்தனை நாள் மனிதர் பார்த்துப்பார்த்துச் செய்தது. அதை மொட்டைமாடியில் போட்டுவிட்டு வேறொன்று செய்யுங்கள் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மீன்தொட்டி ஒட்டி நின்ற சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பதுபோலக் கணவர் மெல்ல அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் அவளுடைய ஆபீஸ். அவளுடைய மேசைக்குக் கீழே, கால் நீட்டுகிற இடம்.

அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். வேலை நேரத்தில் சத்தம் வரக்கூடாது. தரையில் சொட்டு விழக்கூடாது. கணவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிச் சத்தியம் செய்தார்.

சுவரில் கீழ்ப்பக்கமாகக் கையகலத்துக்கு ஓட்டை விழுந்தது. தொட்டியின் மேல்மூலையில், வாங்கும்போதே இருந்த வடிகால் துளைகள் இரண்டில் ஒன்றைத் திறந்து, பிவிசி குழாய் மாட்டி, சுவர் வழியாக அவள் அறைக்குக் கொண்டுவந்தார். பம்பிலிருந்து இன்னொரு குழாய் அதே ஓட்டை வழியாகத் திரும்பிக் கூடத்துக்குப் போய், தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே வளைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பம்பைப் போட்டார்கள். நீர் இறங்கியது, தடுப்புகளைத் தாண்டியது, திரும்ப ஏறியது. கூடத்துத் தொட்டி கருவிகள் எதுவும் இல்லாமல் பளிச்சென்று நின்றது. நாத்தனாரே கிட்டே வந்து குனிந்து மீனைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை தண்ணியக்கா ஹெட்செட்டை மாட்டி முதல் அழைப்பை எடுத்தாள். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒரு பெண். தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“ஒரு நிமிஷம். உங்க பின்னாடி என்னங்க சத்தம்?”

“ஒண்ணுமில்லங்க, நீங்க சொல்லுங்க.”

“எங்க வீட்ல சொட்டுத் தண்ணி இல்லன்னு சொல்றேன், உங்க வீட்ல அருவி மாதிரி கொட்டுதே. எங்க தண்ணியெல்லாம் அங்கதான் வருதா?”

“அது மீன் தொட்டிங்க.”

“ஓஹோ, மீனுக்கு இருக்கு, மனுஷங்களுக்குத்தான் இல்ல.”

அன்றைக்கு வந்த அழைப்புகளில் பாதி அப்படித்தான் போயின. ஒருவர் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். ஒருவர், குழாய் உடைந்திருக்கிறது, முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள் என்று அவளுக்கே அறிவுரை சொன்னார். மேசைக்கடியிலிருந்து ‘களக் களக்’ என்றும் இடையிடையே யாரோ பாயசத்தை உறிஞ்சுகிற மாதிரி ‘சுர்ர்’ என்றும் ஓயாத இரைச்சல். மாலையில் மேலதிகாரி கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், கோபப்படத் தெரியாமல் சங்கடப்படுகிறவர்.

“புகார்ப் பிரிவு மேலயே புகார் வந்திருக்கும்மா. அருவிக்கரையில ஒக்காந்து வேல பாக்கறீங்கன்னு சொல்றாங்க.”

நாளைக்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்தாள். கணவர் கடையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றக்கூட விடாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் குழாயைச் சுற்றித் துணி சுற்றலாமா, பஞ்சு வைக்கலாமா, மேசைக்குப் பலகை அடிக்கலாமா என்று அடுக்கினார். அவள் கையைக் காட்டி நிறுத்தி, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தினமும் அழைப்பவர்களிடம் கேட்கிற அதே வரிசையில், அதே நிதானக் குரலில் கேட்டாள். சத்தம் எங்கே ஆரம்பிக்கிறது, மேலேயா கீழேயா? ஒரே மாதிரி வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா? குழாயைத் தொட்டால் அதிர்கிறதா? கணவர் குனிந்து காதை வைத்து, எழுந்து ஓடிக் கூடத்தில் காதை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பயபக்தியோடு பதில் சொன்னார்.

“தண்ணி சத்தம் போடாது. காத்துதான் சத்தம் போடும்” என்றாள். “குழா பெருசா இருக்கு, எறங்கற தண்ணி கொஞ்சமா இருக்கு. மிச்ச எடத்துல காத்து பூந்து கூடவே வருது. தெருக்குழால காலைல மொத தண்ணி வரும்போது கத்துமே, அந்தக் கதைதான். குழா முழுக்கத் தண்ணியா இருந்தா காத்துக்கு ஏது எடம்?”

கணவர் அவளையே பார்த்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டு, இறங்குகிற குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வால்வு வைத்துக் கொஞ்சம் இறுக்கினால் போதும் என்றார். அப்படி இறுக்கியது அடைத்துக்கொண்டால் மேலே வழிந்துவிடுமே என்று அவள் கேட்க, சும்மா கிடந்த இரண்டாவது துளைக்கும் ஒரு குழாய் மாட்டி அதை அவசரத்துக்கு விட்டுவைப்பது என்று முடிவாயிற்று. மறுநாள் கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு வந்து எல்லாவற்றையும் பொருத்தினார். அவள் தரையில் உட்கார்ந்து வால்வைத் துளித்துளியாகத் திருப்பினாள். அவர் கூடத்தில் நின்று நீர்மட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். களக் களக் குறைந்தது. சுர்ர் என்று ஒரு கடைசி உறிஞ்சல். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. பம்ப் நின்றுவிட்டதோ என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். நீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நிபந்தனை நிறைவேறியது. இரண்டாவதைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இருந்தது. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அன்றைக்கே கேட்டாள். பம்ப் நின்றால் மேலே இருக்கிற நீர் திரும்பிவராதா? கணவர் சிரித்தார். திரும்பிவராதபடி ஒருவழி வால்வு போட்டிருக்கிறேன், எல்லாம் கணக்குப் போட்டாயிற்று என்றார். தன்னைக் கூப்பிட்டுப் புலம்புகிற எல்லோருமே கணக்குப் போட்டவர்கள்தான் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு பகல் பொழுதில் கரண்ட் போயிற்று. தெருவெல்லாம் போயிற்று. கணினி பேட்டரியில் ஓடியது. அழைப்புகள் மழையாகக் கொட்டின. மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை என்று ஆளாளுக்கு அதே பாட்டு. வீட்டு மாடியில் தொட்டி வைத்திருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அவள் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பாதத்தில் ஏதோ ஜில்லென்றது. குனிந்து பார்த்தாள். சம்ப் விளிம்புவரை நிறைந்து, வழிந்து, அறை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. பம்பிலிருந்து கூடத்துக்கு ஏறும் குழாய் வழியாகக் கடலே திரும்பி இறங்கி வருவதுபோல நீர் வந்துகொண்டேயிருந்தது. ஒருவழி வால்வில் மணலோ நத்தையோ சிக்கி, அது இருவழியாகிவிட்டது.

“ஐயா, தயவுசெஞ்சு லைன்லயே இருங்க” என்றாள். அத்தனை வருஷத்தில் யாரையும் அவள் காக்கவைத்ததில்லை.

ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். தொட்டியில் நீர் கண்ணுக்கெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. கோமாளி மீன்கள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் முழித்தன. பாறைகளுக்கு அடியில் ஓட்டம் வேண்டும் என்று கணவர் அந்தக் குழாயின் முனையைத் தொட்டியின் அடிவரை இறக்கியிருந்தார். முனை நீரில் முங்கியிருக்கிறவரை உறிஞ்சுவது நிற்காது. ஹோஸ் போட்டு டிரம்மிலிருந்து நீர் எடுக்கிறவர்களுக்கெல்லாம் அவளே எத்தனையோ தடவை சொன்ன பாடம். நாற்காலியில் ஏறி, முழங்கைவரை உப்புநீரில் விட்டு, வளைந்த குழாயை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினாள். முனை வெளியே வந்து ஒரு மூச்சு இழுத்தது. அவ்வளவுதான், நின்றுபோயிற்று.

சொட்டச்சொட்டத் திரும்பிவந்து ஹெட்செட்டை மாட்டினாள். ஆசிரியர் காத்திருந்தார். ஏம்மா மூச்சு வாங்குது என்று கேட்டார்.

“எங்க வீட்லயும் ஒரு புகார் வந்துடுச்சுங்கய்யா. சரி பண்ணிட்டேன். நீங்க சொல்லுங்க.”

அவர் விவரம் கேட்டார், அவள் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தன் வீட்டுக்குத் தண்ணீர் வராத கோபம் அவருக்கு எங்கே போயிற்றோ, மீன்கள் நலமா என்று விசாரித்துவிட்டு வைத்தார்.

அதற்குப் பிறகுதான் கணவருக்கு அழைத்தாள். அவர் யாருக்கோ கண் அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

“வணக்கம், புகார்ப் பிரிவிலிருந்து பேசுகிறேன்” என்றாள், ஆபீஸ் குரலில், ஒரு எழுத்து குறையாமல். “உங்கள் சம்ப் நிரம்பி வழிந்துள்ளது. ஊழியர் ஒருவர் நேரில் சென்று நிறுத்தியுள்ளார். ஊழியரின் புடவை நனைந்துள்ளது.”

அந்தப் பக்கம் ஃபிரேம் ஒன்று மேசையில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, “மீன்?” என்றார்.

“மீனா? பொண்டாட்டிய மொதல்ல கேளுங்க” என்று வைத்துவிட்டாள். ஆனால் கோபம் வரவில்லை. கையில் இன்னும் அந்தக் குழாய் மூச்சு இழுத்த அதிர்வு இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நாத்தனாருக்கு அழைத்துச் சொன்னாள். அவள் வார்டில் சிரித்த சிரிப்பில் நோயாளிகள் எழுந்திருப்பார்கள்.

கணவர் வந்து, தரை முழுக்கத் துடைத்து, மன்னிப்புக் கேட்பதைப் பேச்சில் கேட்காமல் வேலையில் கேட்டார். குழாயின் முனையை மேலே ஏற்றினார். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அதில் ஒரு சிறு துளை போட்டார். நீர் கொஞ்சம் இறங்கியதுமே அதில் காற்று புகுந்து உறிஞ்சலை அறுத்துவிடும். ஒருவழி வால்வைக் கழற்றிக் குப்பையில் போட்டார். கரண்ட் வந்ததும் பம்பின் பிளக்கை அவளையே பிடுங்கச் சொன்னார். அவள் பிடுங்கினாள். சம்பில் நீர் ஏறியது, ஏறியது, விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே நின்றது. மறுபடி போட்டு மறுபடி பிடுங்கினாள். அங்கேயே நின்றது. எத்தனை தடவை என்று அவருக்கே சலித்துப்போகும்வரை பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

அந்தச் சமயத்தில் கூடத்துத் தொட்டிக்கு மஞ்சள் நிறத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு புது மீன் வந்தது. கோமாளி ஜோடி அதைச் சேர்க்கவில்லை. விரட்டி விரட்டி மூலையில் ஒடுக்கின. அது சாப்பாட்டைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை முறுக்கு என்று நாத்தனார் சொல்ல, அதற்கு மாப்பிள்ளை என்றே பெயராயிற்று. உடம்பு தேறும்வரை இரண்டு நாள் மட்டும் சம்பில், பாசி அறையில் விடலாம் என்றார் கணவர்.

பாசிக்காக அங்கே ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அதன் வெளிச்சத்தில் மாப்பிள்ளை பாசிக்குள் நுழைந்து, வெளியே எட்டிப்பார்த்து, மறுபடி நுழைந்தது. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே தண்ணியக்கா குனிந்து பார்த்தாள். பாசியில் உப்புக்கல் மாதிரி குட்டிக்குட்டி உயிர்கள் துள்ளின. கண்ணாடியில் நகக்கண் அளவு நட்சத்திர மீன் ஒன்று ஒட்டியிருந்தது. யாரும் காசு கொடுத்து வாங்காதது, பாறையோடு வந்து தானாகப் பெருகியது. இத்தனை நாள் காலடியில் இது நடந்துகொண்டிருந்ததா என்று அவளுக்கு ஆச்சரியம். கூடத்துத் தொட்டி விருந்தாளிக்குக் காட்டுகிற வரவேற்பறை, இது அடுப்படி. நிஜமான நடமாட்டம் இங்கேதான்.

மாப்பிள்ளை தேறி, தின்று, பளபளவென்று ஆனது. திரும்ப மேலே கொண்டுபோகலாம் என்று கணவர் வலையோடு வந்தபோது அவள் நாற்காலியை நகர்த்தவில்லை.

“அது இங்கயே இருக்கட்டுங்க.”

“சம்ப்ல யாரும்மா மீன் வளப்பாங்க?”

“மாப்பிள்ளைக்கு எந்த வீடு புடிக்குதோ அந்த வீட்ல இருக்கட்டும். நீங்க போங்க, கால் வருது.”

அழைப்பு ஒன்றும் வரவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. வலையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து அந்த வீட்டில் மீன் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் நிற்பதில்லை. நேற்றுக்கூட நாத்தனார் தன்னோடு வேலைபார்க்கிற நர்ஸ்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். மேசையை இழுத்துவிட்டு, மூன்று பேரும் தரையில் மண்டியிட்டு, தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். நீர் எங்கே இறங்குகிறது, ஏன் சத்தமில்லை, கரண்ட் போனால் எங்கே நிற்கும் என்று தண்ணியக்கா ஒவ்வொன்றாக, அவசரமில்லாத அந்தத் தொலைபேசிக் குரலில் சொன்னாள். பாசிக்குள் ஒளிந்த மாப்பிள்ளையைக் காட்ட வெளிச்சம் போதவில்லை. பின்னால் நின்ற கணவர் டார்ச் அடித்தார்.

“நான் கட்டினது” என்றார், யாரையும் பார்க்காமல்.

“தெரியும்ணா” என்றாள் நாத்தனார், திரும்பாமலே. “லைட்ட நேரா புடி.”